சந்தைக்குப் புறப்படும் சித்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இளம் ஓவியர்களுக்கும் சிறிய கேலரிகளுக்குமான கலைச்சந்தைகள் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, ஊர்ப் பெயரோடு மட்டும் வெளியிடுகிறோம்.

கே: தில்லி இந்தியா ஆர்ட் ஃபேரில் தனி ஆளாக நான் ஸ்டால் எடுக்க முடியுமா? பெங்களூர் சித்திரச் சந்தையும் அது மாதிரிதானா? (ஓவியப் பட்டதாரி, காட்பாடி)

ப: இரண்டுக்கும் வெகுதூரம். இந்தியா ஆர்ட் ஃபேர் 2008ல் இந்தியா ஆர்ட் சம்மிட் என்ற பெயரில் தொடங்கியது. அங்கே ஸ்டாலுக்கு விண்ணப்பிப்பவை பெரும்பாலும் கேலரிகள். தேர்வுக்குழு முதலில் கேலரியின் தகுதியைத்தான் பார்க்கும். ஓவியர் பொதுவாக ஒரு கேலரியோடு சேர்ந்துதான் உள்ளே போக முடியும்.

பெங்களூர் சித்திரச் சந்தை கர்நாடக சித்திரகலா பரிஷத் 2003ல் தொடங்கியது. ஜனவரியில் ஒரே ஒரு நாள். குமாரகிருபா சாலையிலேயே ஓவியர்கள் கடை விரித்து, வாங்குபவரிடம் நேராகப் பேசி விற்பார்கள். நடுவில் கேலரி கிடையாது.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. லண்டனில் 2011ல் தொடங்கிய தி அதர் ஆர்ட் ஃபேர் மாதிரி, கேலரி இல்லாத ஓவியர்களைக் குழு வைத்துத் தேர்வு செய்து, அவர்களையே ஸ்டாலில் நிற்கவைக்கும் சந்தைகள். 1999ல் அதே ஊரில் தொடங்கிய அஃபோர்டபிள் ஆர்ட் ஃபேர் இன்னொரு வழி: கேலரிகள்தான் வரும், ஆனால் எந்தப் படமும் ஒரு உச்ச விலையைத் தாண்டக் கூடாது. நம் நாட்டிலும் இந்த இரண்டு முறைகளையும் ஒட்டிச் சிறு சந்தைகள் நடக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன் அமைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. ஸ்டாலின் உள்ளளவு என்ன, சுவர் எதனால் ஆனது, அதில் ஆணி அடிக்கலாமா, விளக்கு எத்தனை, பிளக் பாயின்ட் வாடகையில் சேர்ந்ததா தனியா, சரக்கு இறக்க எத்தனை மணி நேரம் தருவார்கள், விற்ற பணம் யார் கைக்கு வந்து எத்தனை நாளில் உங்களுக்குச் சேரும். முக்கியமாக, வாடகை மட்டுமா, கமிஷன் மட்டுமா, இரண்டுமா? இரண்டும் கேட்கும் சந்தையில் கமிஷன் விகிதத்தைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

முதல் வருடம் சித்திரச் சந்தைக்குப் போவது நல்லது என்பது எங்கள் கருத்து. காட்பாடியில் ரயில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரப் பயணம். வாங்குபவர் கையிலேயே தூக்கிக்கொண்டு போகும் அளவில், 18 அங்குலத்துக்குள் படங்களாக எடுத்துப் போங்கள். யார் நின்று பார்க்கிறார்கள், எந்த விலையைக் கேட்டதும் நகர்ந்துவிடுகிறார்கள் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.

கே: இரண்டு சந்தைகளுக்கு விண்ணப்பித்தேன், இரண்டிலும் தேர்வாகவில்லை. காரணம் சொல்ல மறுக்கிறார்கள். என்ன தவறு செய்திருப்பேன்? (ராணிப்பேட்டை)

ப: நீங்கள் இணைத்து அனுப்பிய புகைப்படங்களைப் பார்த்தோம். படங்கள் நன்றாக இருக்கின்றன. அவற்றை எடுத்த புகைப்படங்கள் கெடுத்துவிட்டன. தேர்வுக்குழு கேன்வாஸைப் பார்ப்பதில்லை, திரையில் உங்கள் புகைப்படத்தைத்தான் பார்க்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்ததால் வெள்ளை பச்சையாகியிருக்கிறது. பக்கத்தில் நின்று எடுத்ததால் நேர்க்கோடான ஓரம் வில்லாக வளைந்திருக்கிறது. இரண்டு படங்களில் கண்ணாடிக்குள் உங்கள் உருவமே தெரிகிறது.

இப்படிச் செய்யுங்கள். ஃபிரேம் போடும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். காலை பத்து மணிவாக்கில், வெயில் நேராக விழாத வராந்தாவில் படத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பக்கத்துச் சுவர் நீலமோ பச்சையோ என்றால் அந்த நிறம் படத்தில் ஏறும், வெள்ளை வேட்டியைக் கட்டி மறையுங்கள். லென்ஸின் உயரமும் படத்தின் நடுப்பகுதி உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். லென்ஸிலிருந்து நான்கு மூலைக்கும் நூல் பிடித்துப் பார்த்தால் நீளம் சமமாக வர வேண்டும். செல்போன் என்றால் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள், ஓரம் வளையாது. முதல் ஷாட்டில் படத்தோடு ஒரு வெள்ளை அட்டையையும் வைத்து எடுத்தால், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அதுவே அளவுகோல்.

இன்னொன்று. பத்துப் படம் கேட்டிருந்த இடத்தில் தெய்வப் படம், இயற்கைக் காட்சி, அப்ஸ்ட்ராக்ட், உருவப்படம் என்று கலந்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் வரையத் தெரியும் என்று காட்ட நினைத்தது புரிகிறது. குழு தேடுவது வேறு: இவர் ஒரு விஷயத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறாரா என்று பார்க்கிறது. உங்கள் பாலாற்று மணல் வரிசையில் ஆறு படங்கள் இருக்கின்றனவே, அவற்றோடு இன்னும் நான்கு வரைந்து அந்தப் பத்தை மட்டும் அனுப்புங்கள். கூடவே தரும் குறிப்பு 150 வார்த்தைக்குள் இருக்கட்டும். ‘உள்ளுணர்வின் வெளிப்பாடு’ போன்ற வரிகளை எடுத்துவிட்டு, எந்த இடத்து மணல், எதோடு கலந்தீர்கள், ஏன் என்று எழுதுங்கள்.

கே: விலை எப்படி வைப்பது? தோன்றியதைச் சொல்கிறேன், பிறகு வருத்தப்படுகிறேன். (ஆரணி)

ப: பலர் சதுர அங்குலக் கணக்கில் வைக்கிறார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. 12க்கு 12 படம் 144 சதுர அங்குலம், 36க்கு 48 படம் 1,728. பெரிய படம் சின்னதைப் போலப் பன்னிரண்டு மடங்கு விலைக்குப் போய்விடும். அதனால் சின்னது அநியாயத்துக்கு மலிவாகவும் பெரியது விற்காததாகவும் ஆகும்.

தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அகலத்தையும் உயரத்தையும் கூட்டிப் பெருக்குவது பொருந்தும். அங்குலத்துக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 12க்கு 12 படம் 24 × 200 = 4,800 ரூபாய். 24க்கு 30 படம் 54 × 200 = 10,800. 36க்கு 48 படம் 84 × 200 = 16,800. ஃபிரேம் செலவை அப்படியே தனியாகச் சேர்க்க வேண்டும். அந்த 200 என்பது உதாரணம்தான். உங்கள் வண்ணம், கேன்வாஸ் செலவும் உழைத்த நாளுக்கான கூலியும் அதற்குள் அடங்குகிறதா என்று மூன்று பழைய படங்களை வைத்துச் சரிபாருங்கள்.

வீட்டில் ஒரு விலை, சந்தையில் ஒரு விலை என்று வைக்கவே வைக்காதீர்கள். கேலரி 40 சதவீதம் எடுத்தால் 10,800ல் உங்களுக்கு 6,480 வரும். அது கட்டுப்படியாகும்படி அடிப்படை விலை இருக்க வேண்டும். சந்தையில் 10,800க்கு வாங்கியவர் அடுத்த மாதம் உங்கள் வீட்டில் அதே அளவுப் படம் 7,000 என்று கேள்விப்பட்டால், உங்களையும் நம்பமாட்டார், கேலரியையும் நம்பமாட்டார்.

ஸ்டால் எடுக்கும் முன் இன்னொரு கணக்கும் போடுங்கள். வாடகை 30,000, லாரி 6,000, தங்கல் சாப்பாடு 9,000, விளக்கும் அச்சும் 5,000, ஆக 50,000 என்று வைப்போம். படத்தின் விலையில் 30 சதவீதம் பொருள் செலவாகவே போய்விட்டால், விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 70 காசுதான் இந்த 50,000ஐ அடைக்க மிஞ்சும். அதாவது சுமார் 71,400 ரூபாய்க்கு விற்றால்தான் கைப்பணம் போகாது. 10,800 ரூபாய்ப் படம் ஏழு. நான்கு நாளில் ஏழு படம் போகுமா என்று மனசைத் தொட்டுக் கேளுங்கள். சந்தேகம் என்றால் இரண்டு பேர் சேர்ந்து ஸ்டாலைப் பகிர்ந்துகொள்ளுங்கள். பகிர அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கே: ஷூ கம்பெனிகளில் கழித்துப்போடும் தோல் துண்டுகளை ஒட்டிப் பெரிய சுவர்ப் படைப்புகள் செய்கிறேன். போன மழையில் ஒன்றில் பூஞ்சை பிடித்தது. இன்னொன்றில் நிறம் மாறிவிட்டது. சந்தைக்குத் தயார் செய்வது எப்படி? (ஆம்பூர்)

ப: இந்த மண்ணில் பிறக்க வேண்டிய கலை இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் தோலை இரண்டாகப் பிரியுங்கள். குரோம் பதனிட்ட தோலை வெட்டிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் கோடு பெரும்பாலும் தெரியும். பட்டையில் பதனிட்ட தோலின் உள்பக்கம் முழுக்க ஒரே பழுப்பு. நம் பக்கத்துப் பழைய முறை ஆவாரம் பட்டை. ஆவாரந்தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துகொண்டே போகும். இது தெரிந்துதான் அந்தக் காலத்துப் பதனிடுபவர்கள் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை போட்டு எடுத்தார்கள். உங்கள் படைப்பில் நிறம் மாறியது இந்த வகைத் துண்டுகளாகத்தான் இருக்கும். சோதிப்பது சுலபம்: ஒவ்வொரு வகையிலும் ஒரு துண்டை எடுத்து, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஜன்னலோரம் ஒரு மாதம் வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த வகையைத் தவிர்க்கலாம். அல்லது சிவப்பேறுவதையே படைப்பின் பகுதியாக்கி, வாங்குபவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடலாம். மறைத்து விற்பதுதான் தவறு.

அடுத்து பசை. செருப்பு ஒட்டும் ரப்பர் பசை இன்று இரும்பாகப் பிடிக்கும். சில வருடத்தில் காய்ந்து விட்டுக்கொடுக்கும், மெல்லிய தோலில் மஞ்சளாக ஊறி வெளியே தெரியும். வேலூர் வெயிலில் மூடிய லாரிக்குள் அது இளகி, துண்டுகள் சறுக்குவதும் உண்டு. பசையை இடம் பிடித்துவைக்க மட்டும் பயன்படுத்துங்கள், பாரத்தைத் தையல் தாங்கட்டும். தடித்த கேன்வாஸ் துணியைக் கட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு துண்டையும் மேல் ஓரத்தில் மெழுகு நூலால் தையுங்கள். ஊசித் துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் மாதிரி தோல் கிழியும், ஆகவே துளைக்குத் துளை 5 மில்லிமீட்டராவது விடுங்கள். கீழ் ஓரத்தைத் தைக்காமல் விட்டால் ஈரத்தில் தோல் விரியவும் சுருங்கவும் இடம் இருக்கும். நான்கு பக்கமும் இறுக்கித் தைத்த துண்டுதான் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு வரும்.

பூஞ்சைக்குக் காரணம் ஈரமும் காற்றோட்டமின்மையும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தால் அதை நிறுத்துங்கள். தோல் கறுக்கும், தூசி ஒட்டும், பூஞ்சைக்குத் தீனியாகும். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டிவைப்பதும் தவறு, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். பிடித்துவிட்ட பூஞ்சையை வீட்டுக்குள் தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே நிழலில், உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதாக இருந்தால் தெரியாத மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள், சில தோலில் மேல்பூச்சே கரைந்து வந்துவிடும்.

நாற்றம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஏசி ஹாலில் நான்கு நாள் மூடியிருக்கும்போது அதுதான் பக்கத்து ஸ்டால்காரரோடு சண்டை மூட்டும். சந்தைக்கு மூன்று வாரம் முன்பே நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அந்த வாசனை தோலில் ஏறினால் இறங்காது.

கடைசியாக எடை. தோல் படைப்பு பார்வைக்குத் தெரிவதைவிடக் கனம். தராசில் நிறுத்து எடையைப் பின்பக்கம் எழுதுங்கள். ஸ்டால் சுவர் மெல்லிய பிளைவுட் என்றால் 15 கிலோவை ஒற்றை ஆணியில் மாட்டக் கூடாது. சுவரின் உள்சட்டம் எங்கே ஓடுகிறது என்று அமைப்பாளரிடம் கேட்டு, அதில் இரண்டு ஸ்க்ரூ போடுங்கள்.

கே: அக்ரிலிக் கேன்வாஸ்களை பபிள் ரேப்பில் சுற்றி லாரியில் அனுப்பினேன். பிரித்தபோது படம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். எதனால்? (வாலாஜாபேட்டை)

ப: அக்ரிலிக் வண்ணம் காய்ந்த பிறகும் அடிப்படையில் பிளாஸ்டிக்தான். சூடேறினால் இளகும். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மூடிய லாரிக்குள் அதைவிட அதிகம். இளகிய மேற்பரப்பில் பபிளின் குமிழ்கள் அழுந்தி அச்சு விழுந்திருக்கிறது. குமிழ்ப் பக்கத்தை உள்ளே வைத்துச் சுற்றியிருப்பீர்கள். திருப்பிச் சுற்றியிருந்தாலும் பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருக்கக்கூடும்.

படத்தின் முகத்தை எதுவும் தொடக் கூடாது என்பதே சரியான முறை. இரண்டு அங்குலத் தெர்மகோலில் எல் வடிவத் துண்டு வெட்டி, நான்கு மூலையிலும் சட்டத்தின் ஓரத்தை மட்டும் பிடிக்கும்படி வையுங்கள். அதன் மேல் முன்னும் பின்னும் கெட்டி அட்டை. இப்போது அட்டைக்கும் வண்ணத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது. அதற்கு மேல்தான் பபிள் ரேப், குமிழ் வெளிப்பக்கம். பிறகு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியை அடைத்து. வேறு வழியே இல்லை, முகத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் பூசிய தாள் போடுங்கள். பட்டர் பேப்பர்கூட வெயிலில் ஒட்டும். கூடுமானவரை இரவு லாரியில் ஏற்றுங்கள்.

இரண்டு கேன்வாஸை முகத்தோடு முகம் வைத்துக் கட்டாதீர்கள். கண்ணாடி போட்ட படத்துக்குக் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பை நட்சத்திரமாக ஒட்டினால், உடைந்தாலும் சில்லு படத்தைக் கிழிக்காது. அக்ரிலிக் ஷீட்டில் அப்படி டேப் ஒட்டாதீர்கள், பசைத் தடம் போகாது. கண்ணாடிப் படங்கள் லாரியில் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். சார்கோல், பேஸ்டல் படத்துக்குக் கனத்தைப் பார்க்காமல் கண்ணாடியே போடுங்கள்: அக்ரிலிக் ஷீட்டில் ஏறும் மின்னூட்டம் தாளிலிருந்து தூளை இழுத்துக்கொள்ளும்.

உருட்டி அனுப்புவதானால் வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும், குழாய் குறைந்தது ஆறு அங்குல விட்டம். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். ஆயில் படத்தில் தொட்டால் ஒட்டாத நிலை சில வாரத்தில் வரும், உள்ளே காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதற்கு முன் வார்னிஷ் வேண்டாம், உருட்டவும் வேண்டாம்.

தடம் விழுந்த படங்களை அயர்ன் பாக்ஸ் வைத்துச் சமன் செய்யப் போகாதீர்கள். மெலிதாக மேல்வண்ணம் ஏற்றி மறைக்க முடிந்தால் மறையுங்கள், இல்லையென்றால் விற்பனைக்கு வைக்காதீர்கள்.

கே: ஃபிரேமுக்குப் பின்னால் என்ன இருந்தால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? (சத்துவாச்சாரி)

ப: பழகிய வாங்குபவர்கள் பார்ப்பார்கள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லித் திருப்பிப் பார்ப்பதே பலரின் முதல் வேலை. அங்கே பழுப்பு ஹார்டுபோர்டும் செய்தித்தாளும் துருப்பிடித்த கொக்கியும் இருந்தால், முன்பக்கத்து உழைப்பையே சந்தேகப்படுவார்கள். சந்தேகம் நியாயம்தான். ஹார்டுபோர்டின் அமிலம் சில வருடத்தில் தாளைப் பழுப்பாக்கும். அமிலமில்லாத மவுன்ட் (படத்தைச் சுற்றி வரும் அட்டை), அமிலமில்லாத பின்னட்டை, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஸ்பேசர், இவ்வளவும் போட்டால் போதும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் இரண்டு பக்கமும் டி வளையம், அவற்றுக்கு இடையே பின்னல் கம்பி. கீழ் மூலை இரண்டிலும் ரப்பர்ப் பொட்டு ஒட்டினால் ஐப்பசி மழையில் சுவர் ஈரம் ஃபிரேமுக்குத் தாவாது, படமும் கோணாது. பெயர், தலைப்பு, வருடம், ஊடகம், அளவு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பின்னட்டையில் ஒட்டுங்கள். கேன்வாஸ் துணியின் பின்னால் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். சட்டத்தின் கட்டையில் எழுதலாம்.

கே: கேலரி ஒன்று என் பத்துப் படங்களைச் சந்தைக்கு எடுத்துப்போகக் கேட்கிறது. 50 சதவீதம் கமிஷன். ‘எல்லா உரிமையும் கேலரிக்கே’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. கையெழுத்துப் போடலாமா? (ஆற்காடு)

ப: 50 சதவீதம் அதிகமாகத் தோன்றலாம், ஆனால் வாடகை, லாரி, விளக்கு, அச்சு எல்லாம் அவர்கள் செலவு என்றால் வழக்கத்தில் உள்ளதுதான். லாரிச் செலவையும் உங்கள் தலையில் கட்டினால் 30, 35க்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டுத்தான் கையெழுத்து. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்பது வேறு, காப்புரிமையை விற்பது வேறு. படம் போனாலும் அதை அச்சடிக்கும், காலண்டர் போடும் உரிமை உங்களிடமே இருக்கும். உங்கள் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 வருடத்துக்கும் அது நீடிக்கும். எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கைமாறும். எழுதிக் கொடுத்தாலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஒருவர் பணம் கொடுத்து ஆர்டரின் பேரில் வரையச் சொன்ன படத்துக்கு மட்டும் விதி வேறு: வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் காப்புரிமை அவருக்குப் போகும்.

விற்ற பிறகும் படைப்பைச் சிதைத்தால் கேட்க 57ஆம் பிரிவு இடம் தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தன் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தைக் கழற்றிச் சேதப்படுத்தியதற்காக அமர்நாத் சேகல் அரசின் மீதே வழக்குப் போட்டார். 2005ல் தில்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, மிச்சத்தைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னது.

ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டியவை: பத்துப் படத்தின் பட்டியல் விலையோடும் புகைப்படத்தோடும்; விற்ற 30 நாளுக்குள் பணம்; விற்காதவை எந்தத் தேதிக்குள் யார் செலவில் திரும்பும்; அவர்கள் கையில் இருக்கும்போது சேதமானால் உங்கள் பங்குத் தொகையை முழுசாகத் தருவது; தள்ளுபடி தந்தால் 10 சதவீதம் வரை இருவரும் பாதிப்பாதி, அதற்கு மேல் உங்களைக் கேட்டு. வாங்கியவரின் பெயரையும் கேளுங்கள். சில கேலரிகள் தயங்கும், ஆனாலும் கேளுங்கள். உங்கள் படம் எங்கே இருக்கிறது என்று நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கே: ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? (போளூர்)

ப: கையால் வரைந்த ஓவியத்துக்கு விகிதம் 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, வருட வரவு 40 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்தில் விற்கப் போகிறீர்கள் என்றால் விதி மாறும். ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன்பே ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

கே: வீட்டு முன்ஹாலைச் சிறிய கேலரியாக்கி நடத்துகிறேன். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஸ்டால் கிடைத்திருக்கிறது. எட்டு ஓவியர்கள், நாற்பது படங்கள். எப்படி மாட்டுவது? (குடியாத்தம்)

ப: நாற்பதையும் மாட்டாதீர்கள். எட்டுப் பேரையும் கூட்டிப்போகாதீர்கள். மூன்று சுவர் சேர்ந்து ஒன்பது மீட்டர். ஒவ்வொரு சுவரிலும் மூலைக்காக அரை மீட்டர் போல விட்டால் கையில் இருப்பது ஏழரை. 60 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் கொடுத்தால் எட்டு ஒன்பது படம்தான் ஒரு வரிசையில் உட்காரும். இரண்டு ஓவியர்கள், அதிகபட்சம் மூன்று பேர். மிச்சத்தில் ஆறேழு சின்னப் படங்களை மேசைக்குக் கீழே துணி மறைவில் வையுங்கள், ஒன்று விற்றுப் போனால் அந்த இடத்தில் ஏறும். விட்டுப்போன ஐந்து பேரிடம் முன்பே சொல்லி, அடுத்த சந்தைக்கு யார் யார் என்று எழுதிக் காட்டிவிடுங்கள். சிறிய கேலரிகள் உடைவது இந்த மனக்கசப்பில்தான்.

எல்லாப் படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் நிற்கட்டும். ஆணியின் உயரத்துக்குக் கணக்கு: 150ஓடு படத்தின் உயரத்தில் பாதியைக் கூட்டி, கம்பியை இழுத்துப் பிடித்தால் மேல் ஓரத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறதோ அதைக் கழியுங்கள். 90 உயரப் படம், கம்பி இறக்கம் 6 என்றால் 150 + 45 − 6 = 189. ஊரிலேயே ஹால் தரையில் சாக்பீஸால் மூன்று மீட்டர் கட்டம் போட்டு, படங்களைப் பரப்பி, புகைப்படம் எடுத்து, ஆணி உயரங்களைத் தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அங்கே மாட்ட இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம் போதும்.

அமைப்பாளர் தரும் விளக்கு பெரும்பாலும் போதாது. டிராக்கில் மாட்டும் எல்இடி ஸ்பாட் ஆறு கொண்டுபோங்கள். பெட்டியில் 3,000 அல்லது 3,500 கெல்வின் என்றும், சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் என்றும் போட்டிருக்க வேண்டும். சிஆர்ஐ குறைந்த மலிவு விளக்கில் சிவப்பு செத்துவிடும். சுவரிலிருந்து சாய்வு 30 டிகிரி போல இருந்தால் கண்ணாடியில் விளக்கு தெரியாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, ஸ்பிரிட் லெவல், நூல், வெள்ளை அக்ரிலிக் வண்ணம் ஒரு டப்பா, வெள்ளைப் புட்டி, பருத்திக் கையுறை ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். தவறாக அடித்த ஆணித் துளையை மூடப் புட்டி இல்லாமல் கடை தேடி அலைவது வழக்கமாக நடப்பது.

விலையை மறைக்காதீர்கள். புது ஆள் விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுவார். விற்றதும் சீட்டில் சிவப்புப் பொட்டு ஒட்டுங்கள், முன்பணம் வாங்கிய பிறகு மட்டும்.

கே: பேரம் பேசினால்? (வாணியம்பாடி)

ப: கோபப்படாதீர்கள். 10 சதவீதம் வரை உங்கள் மனசில் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு படம் சேர்த்து எடுப்பவருக்கோ முன்பு வாங்கியவருக்கோ கொடுங்கள். அதற்கு மேல் கேட்டால் சின்னப் படம் ஒன்றைக் காட்டுங்கள்.

கே: கரிகிரி மண்பாண்ட முறையில் செய்த சிற்ப வடிவங்களைச் சந்தையில் வைத்தால் ‘கைவினைப் பொருள் கடைக்குப் போங்கள்’ என்கிறார்களே? (கரிகிரி)

ப: சொல்பவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, வைக்கும் விதத்தில் காட்டுங்கள். ஜாடியையும் சிற்பத்தையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் தனிப் பீடம், உயரம் 90 முதல் 110 சென்டிமீட்டர். பீடத்துக்குள் அடியில் மணல் மூட்டை வைத்தால் கூட்டம் இடித்தாலும் சாயாது. சிற்பத்தின் அடியில் மூன்று இடத்தில் மியூசியம் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி ஒட்டித் திருகி அமர்த்துங்கள். எடுக்கும்போது தூக்காமல் மெல்லத் திருகிக் கழற்ற வேண்டும். நேராகத் தூக்கினால் பளபளப்புப் பூச்சு பெயரும்.

கே: வேலூர் முகவரி போட்டால் மதிப்புக் குறையுமா? சென்னை உறவினர் வீட்டு முகவரி போடலாமா? (வேலூர்)

ப: போடாதீர்கள். ஆர்மாமலைக் குகையில் சமணர்கள் தீட்டிய ஓவியம் இருக்கும் பூமி இது. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கிக் கண்ணாடி பதித்துக் கூத்துக் கிரீடம் செய்த கைகள் உள்ள ஊர்கள் இவை. உங்கள் படத்தில் வருவது கோட்டை அகழியும் பாலாறும் என்றால், முகவரியில் வேறு ஊர் இருப்பதுதான் பொருந்தாமல் தெரியும்.

கே: ‘வெளிநாட்டுக் கேலரியில் உங்கள் படம் தேர்வாகிவிட்டது, 60,000 கட்டுங்கள்’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. (திருப்பத்தூர்)

ப: கட்டாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்காத இடம் உங்களைத் தேர்வு செய்திருக்கிறது என்றாலே நிறுத்தி யோசிக்க வேண்டும். சுவரை வாடகைக்கு விட்டே பிழைக்கும் இடங்களுக்குப் படம் விற்க வேண்டிய அவசியமே இல்லை, உங்கள் பணத்திலேயே அவர்கள் லாபம் முடிந்துவிட்டது. இன்னொரு வலையும் உண்டு: படத்தை வாங்குவதாகச் சொல்லி, விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்பி, ‘மிச்சத்தைப் பார்சல்காரருக்கு அனுப்புங்கள்’ என்பார்கள். செக் சில நாள் கழித்துத் திரும்பும், நீங்கள் அனுப்பிய பணம் திரும்பாது.

கையில் பணமில்லை, ஆனாலும் தொடங்க வேண்டும் என்றால் வேறு கதவுகள் இருக்கின்றன. 1954ல் தொடங்கிய லலித் கலா அகாடமியின் மண்டல மையம் சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. அதன் தேசியக் கண்காட்சிக்குப் படைப்பு அனுப்பலாம். தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை ஓவிய, சிற்பக் கலைஞர்கள் தனியாகவும் கூட்டாகவும் கண்காட்சி நடத்த நிதியுதவி தருகிறது. அறிவிப்பு வரும் நேரத்தைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.

கே: சந்தை முடிந்து ஊர் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும்? (ஆரணி)

ப: ஏசி ஹாலிலிருந்து வந்த பெட்டிகளை உடனே திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே அறையில் வைத்து, பிறகு பிரியுங்கள், குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோக்காது. அனுப்பும் முன் எடுத்த புகைப்படத்தோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, சேதம் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்.

வாங்கியவர்களுக்கு ரசீதோடு சான்றிதழ் போயிற்றா என்று பாருங்கள். தலைப்பு, வருடம், ஊடகம், அளவு, படத்தின் சிறு புகைப்படம், உங்கள் கையெழுத்து, பிரின்ட் என்றால் மொத்தம் எத்தனையில் இது எத்தனையாவது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். பத்து என்று எழுதிக் கொடுத்த எடிஷனில் பதினொன்றாவதை ஒருபோதும் அடிக்காதீர்கள். படத்தை எங்கே மாட்டக் கூடாது என்றும் ஒரு வரி எழுதுங்கள்: மேற்கு வெயில் விழும் சுவர், பூஜை அறைப் புகை, குளியலறையை ஒட்டிய சுவர்.

ஸ்டாலில் எண் கொடுத்துவிட்டுப் போனவர்களை ஒரு வாரத்துக்குள் அழையுங்கள். எந்தப் படத்தின் முன் நின்றார் என்று நோட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அப்போதே குறித்திருந்தால், அந்தப் படத்தின் புகைப்படத்தையும் அளவையும் விலையையும் மட்டும் அனுப்பினால் போதும்.